பிரீமியோவின் மரவரிப் பலகைகளும் அவற்றின் கீறல்களும்: மூன்று ஆண்டு அனுபவம்

ஹட்டனில் நான் ஓட்டுவது டொயோட்டா பிரீமியோ 260. டாஷ்போர்டின் குறுக்கேயும், கியர் லீவரைச் சுற்றியும், கதவுகளில் கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளைச் சுற்றியும் உள்ள பளபளப்பான மரவரிப் பலகைகளைப் பார்த்துத்தான் வீட்டார் அந்த வாகனத்துக்குச் சம்மதித்தார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு வேறொன்று வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 2022 ஆகஸ்டில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் குறியீட்டு முறைப்படி வாரத்துக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து தரப்பட்ட காலத்தில் வாகனம் பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. ஒருநாள் மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோதுதான், கியர் லீவரைச் சுற்றிய பலகை முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள் படர்ந்திருப்பதைக் கண்டேன்.

இப்பலகைகள் உண்மையான மரமல்ல. பிளாஸ்டிக்கின் மேல் மரவரியைப் பதித்து, அதற்கு மேல் நிறமற்ற பூச்சு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த கார்களில் மெல்லிய மரத்தகடே இருந்தாலும் பளபளப்பு அதன் மேலுள்ள பூச்சிலிருந்துதான் வருகிறது. ஆகவே இரண்டு வகையிலும் கீறல் விழுவது மரத்தில் அன்று, பூச்சில்தான். அந்தப் பூச்சை எவ்வளவு குறைவாகத் தேய்த்து எவ்வளவு தெளிவாக்கலாம் என்பதே கேள்வி.

முதலில் இரண்டு தவறுகள் செய்தேன். கடையொன்றில் கொடுத்த டாஷ்போர்ட் பொலிஷைப் பூசியபோது கீறல்கள் அனைத்தும் மாயமாய் மறைந்தன. இரண்டு வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. அதில் இருந்த சிலிக்கன் எண்ணெய் கீறல்களின் பள்ளங்களை நிரப்பி ஒளியை ஏமாற்றியதே தவிர, எதையும் நீக்கவில்லை. அடுத்து, பலரும் சொல்லும் பற்பசை. சாம்பல் கிண்ணத்தின் மூடியில் அதைத் தேய்த்ததில் கீறல்கள் குறைந்தன என்றாலும் மூடி முழுவதும் பனி படிந்த கண்ணாடி போல மங்கிவிட்டது. பல்லுக்கென்று செய்யப்பட்டதில் உள்ள துகள்களின் பருமனை இந்தப் பூச்சை மனத்தில் கொண்டு யாரும் தீர்மானிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு நகரத்தில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே, "சேர், நகத்த வச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுற கீறல்ல மட்டும் கை வைக்காதீங்க" என்றார். மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுவே. நகம் மாட்டும் அளவு ஆழமான கீறலை முழுவதும் எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள பூச்சையெல்லாம் அந்த ஆழம் வரை தேய்த்தாக வேண்டும். அதற்குள் மரவரி அச்சு வெளியே வந்துவிடும். 2000, 3000 எண் கொண்ட மிக நுண்ணிய சாண்ட் பேப்பரை நனைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. கனமான பூச்சுள்ள மரத்தகட்டில் அது சரிப்படலாம். என் பலகையில் நான் அதற்குத் துணியவில்லை.

இறுதியில் பயன்படுத்தியது மெகுயர்ஸ் அல்டிமேட் பொலிஷ். வெளிப்புறப் பெயின்டுக்கென்று விற்கப்படும் மென்மையான பொலிஷ் அது. ஈரத் துணியால் அழுக்கைக் கழுவி எடுத்து, சுவிட்சுகளின் ஓரங்களையும் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, மடித்த மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு பொலிஷை எடுத்து, கையகல இடமாக, பலகையின் நீளவாக்கிலேயே முன்னும் பின்னும் தேய்த்தேன். வட்டமாகத் தேய்த்தால் மிஞ்சும் தடம் எந்தக் கோணத்திலும் கண்ணில் படும். நேர்கோட்டுத் தடம் மரவரியோடு கலந்துவிடும். பொலிஷ் செய்யும் இயந்திரத்தைத் தொடவில்லை, ஏனெனில் சிறிய பிளாஸ்டிக் பலகையில் சூடு சட்டென்று ஏறும். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை தேவைப்பட்டது. முடிந்ததும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அல்ககோலால் மெல்லத் துடைத்து, கைபேசி டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பொலிஷில் உள்ள எண்ணெய் போன பிறகும் தெளிவாக இருந்தால்தான் கீறல் உண்மையாகப் போயிருக்கிறது என்று பொருள். முன்கதவுகள் இரண்டுக்கும் நடுப்பகுதிக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் ஆனது. மங்கிப் போன சாம்பல் கிண்ண மூடியும் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. சுவிட்சுப் பலகை ஒன்றைக் கழற்றித் தேய்க்கலாமென்று நெம்பியபோது, வயதான கிளிப் ஒன்று முறிந்ததுதான் நட்டம்.

மூன்று ஆண்டுக்குப் பிறகு நிலைமை என்னவென்றால், அன்று போன கீறல்கள் திரும்பவில்லை. புதியவை மட்டும் கொஞ்சம் விழுந்திருக்கின்றன. அவற்றுக்குக் காரணமும் தெரிந்துவிட்டது. இங்கே காலையில் கண்ணாடியின் உட்புறம் பனி போல ஈரம் படியும். அதைத் துடைத்த துணியாலேயே டாஷ்போர்டையும் ஒரு இழுப்பு இழுப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். தோட்டத்துப் பாதையின் புழுதியில் படிகக்கல் துகள்கள் இருக்கும். அவை அந்தப் பூச்சைவிடப் பல மடங்கு கடினமானவை. அந்த ஒரு இழுப்பே போதும். இப்போது கண்ணாடிக்கு ஒரு துணி, பலகைக்கு ஒரு துணி. பலகைத் துணியை எப்போதும் நனைத்தே பயன்படுத்துகிறேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய மெழுகுப் பூச்சு. அது கீறலைத் தடுக்காது, ஆனால் துணி வழுக்கிக்கொண்டு போக உதவுகிறது. பொலிஷைத் திரும்பவும் ஒரே ஒரு முறைதான் எடுத்தேன், அதுவும் கியர் லீவர்ப் பகுதிக்கு மட்டும். அங்கே இன்னும் எத்தனை முறை தேய்க்கப் பூச்சு மிச்சமிருக்கிறது என்ற பயம் எனக்கு உண்டு.

எதிர்பாராத இன்னொரு காரணம் ஆயுத பூசை. ஸ்டியரிங்குக்கு நேர் மேலே உள்ள பலகையில் அம்மா ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் அது காய்ந்து பொருக்காகி நிற்கும்போது நான் விரலால் சுரண்டி, துணியால் துடைத்துவிடுவேன். அந்த இடத்தில் மட்டும் நாணய அளவில் ஒரு மங்கல் வட்டம் இருந்ததற்கு வேறு காரணம் இல்லை. கடந்த ஆண்டு அம்மாவிடம் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். பிறகு பொட்டை முன்கண்ணாடியின் மூலையில் வைத்துவிட்டு, "சாமிக்கு எல்லா இடமும் ஒண்ணுதான், ஒனக்குத்தான் கார்" என்றார்.