45 நிமிசத்தில் மட்டக்களப்பு

லண்டனிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானமென்றால் 11 மணித்தியாலத்துக்குள் வந்து இறங்கிவிடலாம். அது பழகின கணக்கு. இந்த முறை என்னை ஆட்டி வைத்தது அதற்குப் பிறகு கிடக்கிற 200 சொச்சம் கிலோமீற்றர்தான்.

அப்பா இல்லாத முதல் ஆடி அமாவாசை. மட்டக்களப்பில் மாமாங்கக் கோயில் தீர்த்தக் குளத்தில் முழுகிப் பிதிர்க்கடன் செய்ய வேணும். அடுத்த நாள் போய் நின்று பிரயோசனமில்லை. அதனால் வேனையும் கோச்சியையும் விட்டுவிட்டு உள்ளூர் விமானம் தேடினேன். கட்டுநாயக்க – மட்டக்களப்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 206 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 45 நிமிசம் என்று இணையம் சொன்னது. தூரம் சரி. நேரத்தை மட்டும் ஜெட்டின் வேகத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: மணிக்கு 800 கிலோமீற்றர், ஏற இறங்க இன்னொரு அரை மணி. இந்த வழியில் எங்கே ஜெட்? நான் பதிந்தது ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவான். மணிக்கு 300 கிலோமீற்றர் சொச்சம் போகும். வகுத்துப் பார்த்தால் அதுவும் 40 நிமிசம் சொச்சம்தான். பிழையான வழியில் சரியான விடை!

வெளிக்கிட முதல்நாள் ஈமெயில் வந்தது. ஆட்கள் போதாதாம், பறப்பை மறுநாளுக்கு மாற்றிவிட்டார்களாம். மறுநாள் அமாவாசை. காசு திரும்பி வந்தது, ஒரு மாதம் கழித்து.

கடைசியில் வேன்தான். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று 300 கிலோமீற்றர் அளவு. ஹபரணை தாண்டி இருட்டினதும் ட்ரைவர் தம்பி ஊரத் தொடங்கினார். யானை ரோட்டுக்கு வரும் இடம். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன கோச்சியில் மோதி ஆறு யானைகள் செத்ததும் அந்தப் பக்கத்துக் காட்டில்தான். நான் அவசரப்படுத்தவில்லை. ஏழரை மணித்தியாலத்துக்குப் பிறகு மாமி கடப்படியில் டோர்ச்சோடு நின்றார். "வந்திட்டியா மனே, சோறு ஆறிப்போச்சி."

திரும்பும்போது விமானம் ஓடியது. மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில், வாவிக்கரையில் இருக்கிறது. விமானப்படையின் கையில் கிடந்த இடம். 2018இல்தான் உள்ளூர்ப் பயணிகள் விமானத்துக்குத் திறந்தார்கள். லண்டனுக்குப் போகிற அளவு பெட்டியோடு அங்கே போய் நிற்காதீர்கள். சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பையை நிறுத்த பெடியன் "நீங்களும் ஏறுங்க அண்ணன்" என்று தராசைக் காட்டினான். மாமி கட்டித் தந்த கருவாட்டுப் பொட்டலத்தையும் கையில் பிடித்தபடி ஏறினேன். முள் எங்கே நின்றது என்பதைச் சொல்லமாட்டேன்.

மேலே எழும்பினதும் வாவி முழுக்கத் தெரிந்தது. கல்லடிப் பாலங்கள் இரண்டும் தீக்குச்சி மாதிரி. பிறகு காடு, குளம், காடு. என் மணிக்கூட்டில் 47 நிமிசம். கட்டுநாயக்கவில் இறங்கி மாமிக்கு எடுத்தேன்.

"என்ன மனே, பிளேன் ஓடல்லியா? நான் இன்னும் மாக்கெட்டில மீனுக்குத்தான் நிக்கன்."