நீட்டிப்பு வாரண்டி: இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்டால்

இன்ஜின் பழுதாகி, நீட்டிப்பு வாரண்டியை (தயாரிப்பாளரின் வாரண்டிக்கு மேல் பணம் கொடுத்து வாங்கும் பழுதுக் காப்பு ஒப்பந்தம்) நம்பிக் காரைப் பட்டறையில் விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளெய்ம், அதாவது செலவைக் கேட்டு நீங்கள் தரும் கோரிக்கை, பதிவானதும் உங்கள் முன் ஒரு தாள் வரும். இன்ஜினைப் பிரித்துப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்பதுதான் அதன் சாரம். "வெறும் சம்பிரதாயம், இது இல்லாமல் கிளெய்ம் நகராது" என்று என்னிடம் சொன்னார்கள். அது சம்பிரதாயமே இல்லை. கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி முழுவதும் உரிமையாளர் தலையில் என்று அதன் கடைசிப் பத்தி சொல்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வரும்போது இன்ஜின் அவர்கள் மேஜையில் துண்டு துண்டாகக் கிடக்கும். வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப் போகவும் வழியிருக்காது, வாதாடவும் தெம்பிருக்காது. பலர் அந்த இடத்தில்தான் சோர்ந்துபோய்ப் பணத்தைக் கட்டுகிறார்கள். மறுப்பவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும் என்பது என் எண்ணம்.

எனக்கு நடந்தது இது. ஓடிக்கொண்டிருந்த காரில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. கூடவே இன்ஜினின் அடியிலிருந்து தட்டும் ஓசை. ஓரங்கட்டி அணைத்துவிட்டு, இழுவை வண்டியை வரவழைத்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல் குறிவரை இருந்தது. ஆயில் இருக்கிறது, அழுத்தம் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் அறவே போய்விட்டால், விளக்கைக் கண்டதும் இன்ஜினை அணைத்தாலும், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகள் தப்பும் என்ற உறுதி கிடையாது.

பிரித்த பிறகு மெக்கானிக் ஒரு கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட் என்ற முக்கியச் சுழல்தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டிய பரப்பு முழுதும் உரிந்து, அடியிலிருந்த செம்பு நிறம் வெளியே தெரிந்தது. ஓரம் வெட்டிப் போட்ட நகம்போலச் சுருண்டிருந்தது. அது கடித்த தடம் கிராங்க் ஷாஃப்ட்டில் விரலால் தடவினாலே தட்டுப்பட்டது.

வாரண்டி நிறுவனம் தன் சார்பில் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவரை அமர்த்துவதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் அந்த நிறுவனம்தான். கைப்பேசியில் படங்கள் எடுத்தார். ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே பார்க்கவில்லை. ஆயில் பம்பைத் திறக்கவே இல்லை. ஆனால் அறிக்கையில் "ஆயில் கசடு, பராமரிப்புக் குறைபாடு" என்று, அதாவது ஆயிலை நேரத்துக்கு மாற்றாததால் கசடு படிந்தது என்று, எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்ஜினின் மேலுள்ள வால்வு மூடிக்கு அடியில் கசடு எதுவும் இல்லை என்பதற்குப் பட்டறையே எடுத்த படம் இருக்கிறது.

சர்வீஸ் பில்களை வரிசையாக நீட்டினேன். கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றப்பட்டிருந்தது. ஆயிலின் தரக் குறியீடும் பில்லில் இருந்தது. அதைக் கண்டதும் காரணம் மாறியது. "எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்" என்றார்கள். அதற்கும் பதில் சொன்னதும் "இயல்பான தேய்மானம்" என்று மூன்றாவது கடிதம் வந்தது. கசடு சேர்ந்து கெட்டதென்றால் அது என் குற்றம். தேய்ந்து கெட்டதென்றால் யார் குற்றமும் இல்லை. ஒரே பேரிங் எப்படி மூன்று விதமாகச் சாகும் என்று எழுதிக் கேட்டேன். பதிலே வரவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டை மறுக்க எனக்குக் கை கொடுத்தது காரின் கணினிதான். கோளாறு பதிவாகும் நொடியில் இன்ஜின் சுழல்வேகம், வெப்பம், வண்டியின் வேகம் போன்றவற்றைக் கட்டுப்பாட்டுக் கணினி படம் பிடித்ததுபோல் சேமித்து வைக்கிறது. என் காரில் பி0524 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. ஆயில் அழுத்தம் மிகக் குறைவு என்று அதற்குப் பொருள். இன்ஜின் கோளாறைக் காட்டும் செக் இன்ஜின் விளக்கு எரிந்த நிலையில் ஓடிய தூரம் என்று தனியாக ஒரு கணக்கும் உண்டு. என்னுடையதில் அது 0 கிலோமீட்டர். பட்டறையில் கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டால் இவையெல்லாம் சேர்ந்து போய்விடும். ஆகவே வண்டி உள்ளே போனதும், யாரும் ஸ்பானரைத் தொடும் முன், ஸ்கேன் அறிக்கையை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அழித்த பிறகு அழுது பயனில்லை.

மூன்றாவது காரணத்தை மறுக்க நான் தனியாக ஒரு வாகனப் பொறியாளரை அமர்த்தினேன். செலவுதான், ஆனால் இந்த வழக்கில் உருப்படியாகச் செலவழித்த பணம் அது ஒன்றுதான். அவர் முதலில் திறந்தது ஆயில் பம்பை. அதிலுள்ள அழுத்தம் தணிக்கும் வால்வு, அழுத்தம் அளவு மீறினால் மட்டும் திறக்க வேண்டியது, திறந்த நிலையிலேயே சிக்கிக் கிடந்தது. வால்வின் பக்கவாட்டில் கோடு கிழித்ததுபோல் ஒரு கீறல். வால்வு திறந்தே நின்றால் பம்ப் தள்ளும் ஆயில் பேரிங்குகளுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிடும். இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி (சம்ப்) நிறைய ஆயில் இருந்தும் அழுத்தம் இல்லாமல் போனதன் கதை இதுதான். ஒப்பந்தத்தில் காப்பீடு பெறும் பாகங்களின் பட்டியலில் ஆயில் பம்ப் தெளிவாக இருக்கிறது. அதை ஆய்வாளர் ஏன் திறக்கவில்லை என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. எந்தப் பாகம் முதலில் கெட்டது என்பதில்தான் இந்தச் சண்டைகள் பலவும் முடிகின்றன. ஆயில் ஒழுகாமல் தடுக்கும், காப்பில் இல்லாத ஒரு சீலோ கேஸ்கெட்டோ கசிந்து, அதனால் இன்ஜின் போனால், "மூலப் பாகம் பட்டியலில் இல்லை" என்று மொத்த இன்ஜினையும் கைகழுவ அனுமதிக்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. விற்பவர் "பம்பர் முதல் பம்பர் வரை" முழு வண்டிக்கும் காப்பு என்று வாயால் சொன்னது அங்கே எளிதில் எடுபடாது. வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது பல நாடுகளின் நீதிமன்றங்களில் நெடுநாளாக உள்ள நெறி. அதனால் விதி எண்ணைக் குறிப்பிட்டே வாதிடுங்கள்.

இன்னொன்று: விற்றவர் ஒருவர், வாரண்டி அட்டையில் பெயர் போட்டிருப்பவர் வேறொருவர், கிளெய்மை மறுத்துக் கடிதம் எழுதுபவர் மூன்றாமவர், இறுதியில் பணம் தர வேண்டியவர் நான்காமவராகக்கூட இருக்கலாம். என்னை ஆளுக்கொரு பக்கம் அலைக்கழித்தார்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் பொறுப்பேற்பவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே புகாரை அனுப்புங்கள், மற்றவர்களுக்கு நகல் போதும். தொலைபேசியில் பேசியே ஆகவேண்டும் என்றால், பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பிரிக்கும் தாளுக்கு வருகிறேன். மறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிரிக்காமல் காரணம் தெரியாதுதான். ஆனால் கிளெய்ம் ஏற்கப்பட்டால் கூலியை யார் தருவார், மறுக்கப்பட்டால் யார் தருவார், எதுவரை பிரிப்பார்கள், எந்தெந்தப் பாகங்களைத் திறந்து சோதிப்பார்கள், ஆய்வின்போது நானோ என் ஆளோ உடனிருக்கலாமா, கழற்றிய பாகங்கள் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்து. எழுதித் தரத் தயங்குகிறார்கள் என்றால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

பொறியாளரின் அறிக்கை போனதும் "நல்லெண்ண அடிப்படையில்" செலவில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள். அதுவரை எங்கே போயிருந்ததோ அந்த நல்லெண்ணம். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், இனி இது தொடர்பாக எந்த உரிமையும் கோரமாட்டேன், யாரிடமும் பேசமாட்டேன் என்று இருந்தது. கையெழுத்திடவில்லை. முழுத் தொகை கேட்டு நுகர்வோர் குறைதீர்ப்புக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். பேரிங், பம்ப், அந்தக் கீறல் விழுந்த வால்வு எல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டிய உறைகளில் பொறியாளரிடம் இருக்கின்றன. பட்டறையில் விட்டுவைத்திருந்தால், பழைய சாமான்களோடு கழித்துவிட்டோம் என்ற பதில்தான் வந்திருக்கும்.