ரெட்டிட்: கேலிக்கு நாலரை, யோசனைக்கு இரண்டு

ரெட்டிட் என்கிற இணையப் பேச்சுத் தளத்துக்கு நான் போடும் மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. பேனா, சைக்கிள், செடி, சமையல் என்று ஏதாவது ஒரு பித்து பிடித்தவர்களுக்கு நாலரை. அரசியல் பேசப் போகிறவர்களுக்கு ஒன்று, அதுவும் தாராள மனசோடு.

நான் கும்பகோணம் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். எழுதுகிறவன் என்று பேர்தான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துப் பிரிண்ட் எடுப்பதுதான் வேலை. மைப்பேனா கையெழுத்துக்கும் என் ஆசைக்கும் மட்டும் மிச்சம். பார்ட்டிகள் டோக்கனை வைத்துக்கொண்டு காத்திருக்கிற நேரத்தில் எனக்கும் கை சும்மா இருக்கும். அந்த நேரத்துக்கென்று அண்ணன் மகன் போனில் ஏற்றிக் கொடுத்ததுதான் ரெட்டிட். “சித்தப்பா, இதுல சொந்தப் பேரைப் போடாதீங்க” என்றான். போட வேண்டிய அவசியமும் இல்லை. நாம் பேர் தராவிட்டால் அதுவே இரண்டு ஆங்கில வார்த்தையையும் நாலு எண்ணையும் ஒட்டிப் பேர் சூட்டிவிடுகிறது. பேஸ்புக்கில் பெரியம்மா பார்ப்பாள், சம்பந்தி பார்ப்பார் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் இங்கே வந்து எப்படிப் பேசுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2005இல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹேனியன் என்ற இரண்டு கல்லூரித் தோழர்கள் ஆரம்பித்தது. முதலில் இணையச் சுட்டிகளை மட்டும்தான் போட முடியும். பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு, அவ்வளவுதான். கருத்து எழுதும் வசதி அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. வந்ததும் விழுந்த முதல் கருத்தே, இந்த வசதியால் தளம் கெட்டுப்போகப் போகிறது என்கிற புலம்பல்! இந்த இடத்தின் குணம் மொத்தமும் அதில் இருக்கிறது. இன்றைக்குச் சுட்டியை யார் திறந்து படிக்கிறார்கள்? தலைப்பைப் பார்த்த கையோடு நேராகக் கீழே இறங்கி, எவன் என்ன சொல்லியிருக்கிறான் என்றுதான் பார்க்கிறோம். 2008இல் யார் வேண்டுமானாலும் தனித்தனிக் குழு தொடங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்குப் பேர் சப்ரெடிட். அதன் பிறகுதான் உலகத்தில் உள்ள ஒவ்வொரு பைத்தியத்துக்கும் ஒரு வார்டு கிடைத்தது.

என் வார்டு மைப்பேனா. அங்கே பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். ஒருவர் கேட்பார்: ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனா வாங்கினேன், பாதி காலியானதும் எழுதும்போதே பொட்டென்று ஒரு சொட்டைக் கக்குகிறது, என்ன செய்ய? முதல் பதில்: “பால் கொடுத்த பிறகு தோளில் போட்டுத் தட்டினாயா?” அதற்குக் கீழே இன்னொருவர்: “எந்தத் தோள்? போட்டிருப்பது வெள்ளைச் சட்டை.” அதற்கும் கீழே ஒருவர் சட்டையின் நிறத்துக்கேற்ற மை எது என்று ஆரம்பித்துவிடுவார். இப்படியே ஏழெட்டுப் பதில் இறங்கிய பிறகு, சிரித்த வாயோடு ஒருவர் விஷயத்துக்கு வருவார். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூடு பட்டால் அந்தக் காற்று விரியும். விரிந்த காற்று மையை நிப்பு வழியாக வெளியே தள்ளும். பாதி காலியாகும்போதே மறுபடி நிரப்பிவிடு, இல்லாவிட்டால் உடம்பு கனமான எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவுக்கு மாறு, சூடு உள்ளே போக நேரமாகும். மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவு, அந்தப் பக்கம் கசியாது. இதைச் சொல்லிக் கொடுக்க எங்கள் ஊரில் பேனா ரிப்பேர்காரர் இப்போது யாரும் இல்லை. திருவள்ளூரில் கையால் கடைந்து செய்கிற ரங்கா பேனாவைப் பற்றி ஜெர்மனிக்காரரும் அமெரிக்காக்காரரும் விலாவாரியாகப் பேசுவதையும் அங்கேதான் பார்த்தேன். நம் தமிழ்நாட்டுச் சமாச்சாரம் அட்லாண்டிக்கைச் சுற்றி வந்து சேர்கிறது.

நூட்லர்ஸ் கம்பெனியின் பேஸ்டேட் புளூ என்று ஒரு நீல மை உண்டு. பார்த்தால் கண்ணைப் பறிக்கும், பட்டால் கறை போகாது. அந்த மை மேஜையில் கொட்டிவிட்டது என்று யாராவது எழுதினால் போதும். மேஜையைக் கொளுத்து, வீட்டை விற்று வேறு ஊருக்குப் போ, மிச்ச மேஜையிலும் ஊற்றிச் சீராக்கிவிடு என்று வரிசையாக வரும். கேட்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏன் என்றால் அவரும் போன மாதம் இன்னொருத்தருக்கு இதையேதான் சொல்லியிருப்பார்.

இங்கேதான் இந்தச் சேவையை நான் மெச்சுகிறேன். கேலி முன்னால் வருகிறது, பதில் அதன் காலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கேலியைத் துடைத்துவிட்டுப் பதிலை மட்டும் வைத்தால் அந்த ஆட்கள் அங்கே உட்காரவே மாட்டார்கள். சம்பளமா கொடுக்கிறார்கள், வந்து மரையில் கிரீஸ் தடவச் சொல்லிக்கொடுக்க?

வரிசைப்படுத்தும் முறையும் கொஞ்சம் யோசித்துச் செய்தது. ஆரம்பத்தில் அதிக ஓட்டு வாங்கியது மேலே நிற்கும். முதலில் வந்தவனுக்கே எல்லா ஓட்டும் விழும். 2009இல் ‘பெஸ்ட்’ என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்கேசிடி என்ற கார்ட்டூன் வரையும் ராண்டல் மன்ரோ சொன்ன யோசனை அது. மொத்த ஓட்டை விட்டுவிட்டு, விழுந்த ஓட்டில் எத்தனை பங்கு மேல் அம்பு என்று பார்க்கும். ஓட்டு குறைவாக இருந்தால் அந்தப் பங்கை எவ்வளவு நம்பலாம் என்று புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். அதனால் மத்தியானம் வந்த நல்ல பதில்கூட சாயங்காலத்துக்குள் மேலே ஏறலாம். ஆனால் மனுஷன் மாறவில்லையே. சிரிக்க ஒரு நொடி, சரிபார்க்கப் பத்து நிமிஷம். எந்த அம்பு முதலில் அழுந்தும்? ஆகவே என் முறை இது: முதல் கருத்தை ரசித்துவிட்டு, அதைத் தொட்டு மடக்கிவிடுவேன். அதன் கீழ் இருந்த கொசுறுகளும் சேர்ந்து மடங்கிவிடும். பிறகு வருகிற இரண்டாவது, மூன்றாவதில் சரக்கு இருக்கும்.

கீழ் அம்பின் கதை தனி. 2017 நவம்பரில் ஈஏ என்ற வீடியோ கேம் கம்பெனி, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டிலேயே முக்கியப் பாத்திரங்களைப் பூட்டி வைத்ததற்குச் சமாதானம் சொல்லி ஒரு கருத்து எழுதியது. பாடுபட்டுத் திறந்தால்தான் பெருமையாக இருக்குமாம். ஆறு லட்சத்துக்கும் மேல் கீழ் அம்பு விழுந்து கின்னஸில் ஏறியது. கம்பெனிக்காரர்கள் ரெட்டிட்டில் வாய் திறக்கும் முன் இப்போது ரொம்ப யோசிக்கிறார்கள்.

சரி, நட்சத்திரம் எங்கே குறைந்தது?

அந்த இடத்துக் கேலி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் புரியும். வெளியே எடுத்துப் போனால் விஷம். பீட்சாவில் சீஸ் நழுவுகிறது என்றதற்குப் பசை கலந்துகொள் என்று யாரோ ஒரு ஆள் ரெட்டிட்டில் விளையாட்டாக எழுதினார். பதினோரு வருடம் அது அங்கேயே சிவனே என்று கிடந்தது. 2024 மே மாதம் கூகுளின் செயற்கை நுண்ணறிவு அதை எடுத்து, நச்சில்லாத பசை எட்டில் ஒரு பங்கு கப் என்று அளவோடு சமையல் குறிப்பாகவே சொல்லிவிட்டது. உலகமே சிரித்தது. எழுதிய ஆள் மேல் தப்பில்லை. படித்த இயந்திரம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பழகியதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றில் சிரிக்க ஒன்றும் இல்லை. 2013இல் பாஸ்டன் மராத்தானில் குண்டு வெடித்தபோது, புகைப்படங்களை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு சப்ரெடிட் கிளம்பியது. சும்மா ஊகமாக ஆரம்பித்த பேச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு மாணவன் மேல் போய் விழுந்தது. ஏற்கெனவே அவனைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அது. ரெட்டிட் நிர்வாகம் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு கேட்டு என்ன?

என் தொழில் சம்பந்தமான பேச்சில் இந்த ஆபத்து எனக்கு நன்றாகவே தெரிகிறது. ‘பவர் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடு, வீடு உன்னுடையதுதான்’ என்று இணையத்தில் யாரென்றே தெரியாத ஒருவர் அடித்துச் சொல்வார். வெறும் பவர் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு நீளம், அந்தப் பதில் ஒரு வரி. பேனா கக்கினால் சட்டைதான் போகும், பத்திரம் கக்கினால் வீடு போகும். கேலிப் பேச்சில் நஷ்டம் எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.

தமிழர்கள் கூடுகிற சப்ரெடிட்டுகளும் உண்டு. தமிழ்நாடு, சென்னை, கோலிவுட் என்று இருக்கின்றன. தமிழ் மொழிக்கென்றே ஒன்று உண்டு, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வந்து இலக்கணச் சந்தேகம் கேட்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும். மற்ற இடங்களில் ஆங்கிலம்தான் அதிகம். மிச்சம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வாய்விட்டு வாசித்தால்தான் எனக்குப் புரிகிறது. பார்ட்டிகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சீரகச் சம்பாவா பாசுமதியா, சென்னை வெயிலா கோவைக் குளிரா, எந்தப் படம் எவ்வளவு வசூல் என்று சண்டை ஓயாது. வடிவேலு படம் ஒன்றைப் போட்டால் பத்து வரி எழுதும் வேலை மிச்சம். ஆங்கிலக் குழுக்களில் நக்கலாகச் சொன்னால் கடைசியில் ஒரு சாய்கோடும் எஸ் எழுத்தும் போட்டு ‘இது நக்கல்’ என்று முத்திரை குத்துகிறார்கள். நம்மவர்கள் அதற்கு வடிவேலுவையே வைத்துக்கொள்வது எனக்கு மேலாகத் தெரிகிறது.

இதையெல்லாம் கட்டி மேய்க்கிற மாடரேட்டர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள். 2023இல் வெளியார் செய்த செயலிகளுக்குக் கம்பெனி பெரிய கட்டணம் வைத்தபோது ஆயிரக்கணக்கான சப்ரெடிட்டுகள் கதவை மூடிப் போராடின. அப்பல்லோ என்ற நல்ல செயலி, வருடத்துக்கு இரண்டு கோடி டாலர் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஜூன் 30இல் கடையைச் சாத்தியது. போராட்டத்திலும் கேலி போகவில்லை: திறந்தே ஆக வேண்டும் என்று நெருக்கியதும், படங்கள் போடுகிற ஒரு பெரிய சப்ரெடிட் இனிமேல் ஜான் ஆலிவர் என்ற டிவி நகைச்சுவையாளரின் படங்கள் மட்டும்தான் என்று விதி போட்டது. அவரும் தன் படங்களை அள்ளிக் கொடுத்தார். கம்பெனி அசையவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போய் 34 டாலருக்குப் பங்கு விற்றது.

அப்புறம் சில்லறை விஷயங்கள். முகப்பில் நாம் சேராத குழுக்களையும் அதுவே பரிந்துரைத்துக் கலந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் அந்தப் பரிந்துரையை அணைத்துவிடுங்கள், பாதி எரிச்சல் குறையும். விளம்பரமும் பதிவு மாதிரியே உடை போட்டு வரும், ‘புரமோட்டட்’ என்ற சின்ன எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை ஒருவர் ரொம்பப் புகழ்ந்தால் அவர் பேரைத் தொட்டு, முன்னால் எங்கெல்லாம் என்ன பேசியிருக்கிறார் என்று பார்ப்பது என் வழக்கம். 2025இலிருந்து அதை மறைத்துக்கொள்ள வசதி கொடுத்துவிட்டார்கள். மறைத்து வைத்திருப்பவர் எல்லாம் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் சொன்ன பேனாவை நான் வாங்குவதில்லை. கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் முகவரிக்கு முன்னால் ‘ஓல்டு’ சேர்த்துப் பழைய முகப்பைத் திறந்துகொள்ளுங்கள், கண்ணுக்கும் நெட்டுக்கும் மிச்சம்.

யாருக்கு வேண்டாம் என்றால், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வேண்டாம். சட்டென்று கண் கலங்குகிறவர்களுக்கும் வேண்டாம். மைப்பேனாக் குழுவில் சேருகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை: புதுப் பேனா வந்த நாளை அங்கே திருநாள் மாதிரிப் படம் எடுத்துப் போடுவார்கள். சம்பளம் வந்த முதல் வாரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.