வாத்து வேட்டைக்குப் பெண்கள் அளவு வேடர் (wader): 5 மி.மீ. நியோபிரீன்

வேடர் என்பது தண்ணீரில் இறங்கி நடக்கப் போடும் நீர்புகா உடை. நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன இந்த வேடர் மார்பு வரை வரும், பூட்ஸோடு ஒட்டியே வருகிறது. ஆண்கள் வேடரில் சின்ன சைஸ் எடுத்தால் பெண்களுக்கு இடுப்பில் பிடிக்கும், கவட்டை தொங்கும். படகு விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கும்போது இழுவை முழுக்கக் கவட்டைத் தையலில் விழும்; ஒழுக ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இதில் இடுப்பு அகலம், கால் நீளம் குறைவு. நாணல் மறைவில் குந்தி உட்கார்ந்தாலும் முழங்காலில் இறுக்காது. அதற்காகவே வாங்கலாம்.

பூட்ஸைத் தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல் அசைய இடமில்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். வளரும் மகளுக்கு ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள்: குதிகால் தளர்ந்தால் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், அவள் நிலைதடுமாறி விழுவாள். இடுப்பு பெல்ட்டை இறுக்காமல் யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பெரிய குறை, ஜிப் இல்லாதது. சிறுநீர் கழிக்க ஜாக்கெட், தோள்வார் எல்லாம் கழற்ற வேண்டும். கடுங்குளிரில் இது சின்ன விஷயமில்லை.

ஒழுகினால் மேல்வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. நன்றாகக் காய்ந்தபின் யூரித்தேன் பசை போடுங்கள். மடித்து வைக்காமல் பூட்ஸைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.