பெருத்ததை நெருக்கவா, மெலிந்ததைப் போர்த்தவா?

அத்தானிடம் இருப்பது ஸ்டெயர் மான்லிச்சர் எம்95. 1895இல் ஆஸ்திரியா-ஹங்கேரிப் படைக்கு வந்த துப்பாக்கி. தோட்டாவை ஏற்றி அடைக்கும் போல்ட்டைத் திருக வேண்டியதில்லை, நேராக இழுத்துத் தள்ளினால் போதும். முதலில் 8×50 தோட்டாவுக்குச் செய்தார்கள் (குண்டின் பெயரளவு 8 மி.மீ., தோட்டா உறையின் நீளம் 50 மி.மீ.). 1930களில் ஆஸ்திரியாவில், தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து 8×56க்கு மாற்றிக் குழலின் மேல் ‘எஸ்’ என்று பெரிதாக முத்திரை அடித்தார்கள். (அந்தப் பழைய 8×50இன் வழியில் வந்ததுதான் நம் நாட்டில் உரிமதாரர்கள் வைத்திருக்கும் .315 தோட்டா. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

பெயர்தான் 8 மில்லிமீட்டர். பரவலாகக் கிடைக்கும் 8 மி.மீ. குண்டு 0.323 அங்குலம். குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் திருகலாக வரிப்பள்ளங்கள் ஓடும்; அத்தானின் குழலில் பள்ளத்துக்கு எதிர்ப் பள்ளம் 0.329. கடைக் குண்டு அதில் தொளதொளக்கும். அவர் ஓஹையோவில் வீட்டிலேயே காரீயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர். போன விடுமுறைக்குக் காரைக்குடி வந்தபோது, அளவெல்லாம் எழுதிய நோட்டோடு நேராக என் லேத் பட்டறைக்கு வந்துவிட்டார். “மாப்பிள்ளை, இதுக்கு ஒரு டை கடைஞ்சு குடுங்களேன்” என்றார். டை என்பது குண்டைத் துளைக்குள் தள்ளிச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் எஃகுத் துண்டு. கும்பிடு போட்டேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது இங்கே குற்றம். அந்த வேலைக்கான சாமானை என் பட்டறையில் தொடமாட்டேன். கணக்குப் பார்ப்பதில் தப்பில்லையே, பார்த்தோம்.

முதலில் அந்த 0.329 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பி வேலை செய்பவன் லேத்தில் நிற்கக்கூடாது. அவர் சரியாகத்தான் செய்திருந்தார். எண்ணெய் தடவிய குழலுக்குள் மிருதுவான காரீய உருண்டையைத் தட்டி இறக்கி, மறுபக்கம் வெளியே தள்ளி, அதில் பதிந்த மேட்டை மைக்ரோமீட்டரில் பிடித்திருக்கிறார். வார்த்த குண்டு அந்த அளவைவிட ஒன்று இரண்டு தௌ கூடுதலாக இருக்க வேண்டும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிக் குண்டின் விளிம்பை உருக்கும், காரீயம் குழலில் அப்பிக்கொள்ளும், குறியும் போய்விடும். ஆக நமக்கு வேண்டியது 0.330.

வழிகள் இரண்டு திசையில் இருக்கின்றன. .338 (குண்டின் விட்டம் 0.338 அங்குலம்) துப்பாக்கிக்கான அச்சில் வார்த்து நெருக்கிச் சிறிதாக்கலாம், அல்லது 0.323 அச்சில் வார்த்துப் பெரிதாக்கலாம்.

நெருக்குவதை முதலில் எடுக்கிறேன், என் மனது அதில்தான் இருக்கிறது. பளபளவென்று உள்வட்டம் தீட்டிய எஃகு டைக்குள் குண்டை அடியிலிருந்து தள்ளி மேலே எடுப்பது. தேன்குழல் அச்சில் மாவு பிழிந்தவர்களுக்கு இது புரியும்: மாவு இறுகியிருந்தால் கை வலிக்கும், ஒரேயடியாக அமுக்கினால் உரல் பிதுங்கும். .338 அச்சிலிருந்து விழும் குண்டு 0.339, 0.340 வரை இருக்கும். பத்து தௌவை ஒரே தள்ளில் குறைக்க முயன்றால் பிரஸ் கைப்பிடி மேல் தொங்க வேண்டியதுதான், குண்டும் கோணலாகும். 0.335 டை ஒன்று, பிறகு 0.330 டை ஒன்று என்று இரண்டு படியில் இறக்க வேண்டும். தள்ளுவதற்கு முன் மெழுகெண்ணெய் லேசாகப் பூசியே ஆக வேண்டும். குண்டின் அடியில் செம்பு மூடி போட்டிருந்தால் பலம் இன்னும் அதிகம் தேவைப்படும்.

நெருக்கினால் உலோகம் காணாமல் போகாது, நீளமாக ஓடும். மசகு நிற்கும் பள்ளங்கள் ஒடுங்கும். கடினக் கலவை டையை விட்டு வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும்; 0.330 டையில் போனது 0.3305 ஆக வந்தால் டையைத் திட்டக் கூடாது. தண்ணீரில் போட்டுக் கடினப்படுத்துகிறவர்கள், கடினப்பட்ட பிறகு நெருக்கினால் மேல்தோல் மறுபடி மிருதுவாகிவிடும். வார்த்த கையோடு நெருக்கிவிட்டு அப்புறம் சூடேற்றித் தண்ணீரில் போடலாம்.

அத்தான் கவனிக்காத இடம் குண்டின் மூக்கு. .338 அச்சுகள் சிலவற்றில் மூக்கு அந்தத் துப்பாக்கியின் வரிமேட்டில் (வரிப்பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடு) சவாரி செய்வதற்காக 0.330க்குப் பக்கத்தில் தடிமனாக இருக்கும். நம் டை உடம்பைத்தான் இறுக்கும், 0.330 மூக்கைத் தொடவே தொடாது. எம்95இன் வரிமேடு அதைவிட நன்றாகக் குறுகல், அந்த மூக்கு உள்ளே போகாது. சட்டென்று ஒடுங்கும் மூக்குள்ள அச்சாகத் தேட வேண்டும்.

டையோடு மசகும் சேர்த்து ஏற்றுகிற பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. ஒன்றிரண்டு தௌ திருத்த நல்லது. பத்து தௌவுக்கு அதை வாங்குவது, வெங்காயம் நறுக்க அரிவாள் வாங்குவது மாதிரி.

பெரிதாக்கும் பக்கம் வந்தால், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் அலுமினிய டேப் ஒட்டி விலக்கி வார்ப்பது. பிளவுக்குக் குறுக்கே மட்டும்தான் அளவு கூடும், மற்ற திசை அப்படியே இருக்கும். வட்டம் முட்டையாகிவிடும். இரண்டு தௌவுக்குச் சமாளிக்கலாம், ஏழு தௌவுக்கு வேண்டாம்.

இரும்புக் கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கிறவர்களுக்கு அடுத்த வழியை விளக்க வேண்டியதில்லை. பொடியில் குலுக்கி, 200 டிகிரி செல்சியஸில் சுமார் 20 நிமிடம் வாட்டினால் ஒன்று முதல் மூன்று தௌ ஏறும், தனியாக மசகும் வேண்டாம். 0.323க்கு அது எட்டாது. இந்தத் துப்பாக்கிக்கென்றே 0.329 அச்சு வாங்குகிறவர் இதைப் பூசி 0.330 டையில் ஒரு தள்ளு தள்ளினால் வேலை முடிந்தது. மாதாமாதம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்கு அதுதான் மேல். அத்தான் வருடத்துக்கு நான்கு தடவை சுடும் மைதானம் போகிறவர், .338 அச்சும் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

காகிதம் சுற்றுவதுதான் அவருக்கு ஆசை. இரண்டு தௌ தடிமனான காகிதத்தை நனைத்து, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி சாய்வாக வெட்டி, இரண்டு சுற்று. விட்டத்தில் நாலு அடுக்கு விழும், எட்டு தௌ. 0.323 குண்டு 0.331 ஆகிவிடும், உலர்ந்ததும் இறுகும். குழலை விட்டதும் காகிதம் துண்டு துண்டாகச் சிதறிக் குண்டு மட்டும் போகும். கணக்கு அழகாக வருகிறது. ஆனால் ஒவ்வொன்றாகச் சுற்றி, காகித வாலை முறுக்கி, காயவைத்து... பொறுமை இருந்தால் செய்யலாம். கானாடுகாத்தான் வீட்டுப் பரணில் அவருடைய ஐயா வைத்துப்போன எழுதாத பேரேடு கிடந்ததாம், நாலு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். மைக்ரோமீட்டர் வைத்தேன். நாலரை தௌ. ரங்கூன் கணக்கு எழுத வாங்கிய காகிதம், தடிமனாக இல்லாமல் எப்படி இருக்கும்? அவர் முகம் வாடிவிட்டது.

இதற்கு நடுவே அக்காவுக்கு ஒரு பயம். “ரசம் வைக்கிற ஈயமா இது?” என்றாள். இல்லை. ஈயச்சொம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். இரண்டையும் ஈயம் என்று சொல்வதால் வருகிற வினை. காரீயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது; உருக்குகிற இடத்தில் காற்றோட்டம் வேண்டும்; உருகிய காரீயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். அத்தான் வார்க்கும் கலவையில் நூற்றுக்கு 90 காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. அந்த வெள்ளீய ஐந்தைச் சொல்லிவிட்டு அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அக்கா அன்றைக்கே ஈயச்சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் இரண்டு டை வாங்கினார், 0.335, 0.330. முதல் டையில் கை வலித்ததாகவும் இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போனதாகவும் போனில் சொன்னார். தோட்டாவில் பொருத்திய பிறகு, குண்டைப் பிடித்திருக்கும் உறைக் கழுத்தின் வெளி விட்டம் எவ்வளவு என்று கேட்டேன். அறையின் கழுத்தில் அது இறுகினால் வெடிக்கும்போது விரிந்து குண்டை விட இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். “அதை அளக்கலையே மாப்பிள்ளை” என்றார். அளந்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், அதுவரைக்கும் சுட வேண்டாம் என்று போனை வைத்தேன்.