ரிக் வண்டி டர்போவுக்கு ஆப்பு வாஷர்: ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பின்

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வேலைக்குப் புறப்படும் எங்கள் ரிக் வண்டியில், கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சினில், புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளும் ஒரே பருவத்தில் மூன்று முறை தளர்ந்தன. முதலில் டர்போவும், எஞ்சின் புகையைத் திரட்டித் தரும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு தெரியும். மறுநாள் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். அதன்பின் புகை கறுத்து, காற்றழுத்தம் ஏறாமல், ஹாமர் பாறையில் திணறும். மூன்றாம் முறை, நட்டு ஏறும் தலையில்லாத் திருகான ஸ்டட் ஒன்று முறிந்து மேனிஃபோல்டுக்குள்ளேயே தங்கிவிட, அதைத் துளைத்தெடுக்க ஒன்றரை நாள் போயிற்று. அதன்பிறகே, விலையைப் பார்த்து இதுவரை தள்ளிப்போட்ட ஆப்பு வாஷரைக் கோவையில் வாங்கினேன்.

சுவீடனின் நார்ட்-லாக் பெயரால் பலரும் அறிந்த வகை இது. ஒவ்வொன்றும் இரண்டு வட்டுகளின் சோடி. வெளிப்புறங்களில் நுண்ணிய பற்கள் இருப்பதால் ஒன்று நட்டையும் மற்றொன்று ஃபிளேஞ்சையும், அதாவது நட்டு அமரும் தட்டையான விளிம்பையும், கவ்விக்கொள்ளும். உட்புறங்களில் சாய்வான படிகள் உள்ளன. அந்தச் சாய்வு மரையின் சாய்வைவிடச் செங்குத்தானது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது: நட்டு கழலத் திரும்பினால் படி ஏறியாக வேண்டும், படி ஏறினால் ஸ்டட் இன்னும் இறுகும். பக்கவாட்டு அசைவே நட்டுகளைச் சுழற்றிக் கழற்றுகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-இல் சோதித்துக் காட்டினார். ரிக்கின் நடுக்கத்தை அருகில் நின்று பார்த்தவருக்கு அதில் வியப்பிருக்காது.

முன்பு முயன்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தன் விறைப்பை இழந்து வெறும் வளையமாகிவிட்டது. நைலான் நட்டு ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல் பயனற்றது. மரையில் ஊற்றும் சாதாரணப் பூட்டுப் பசையின் எல்லை 180 டிகிரி. முழுச்சுமையில் டர்போவுக்குள் நுழையும் புகையோ 600 டிகிரியைத் தாண்டும். ஒரு பட்டறையில் பளபளப்பாக இருக்கிறதே என்று துருப்பிடிக்காத எஃகு ஸ்டட்டுகளைப் போட்டுவிட்டார்கள். அவை சூட்டில் மேனிஃபோல்டின் வார்ப்பிரும்பைவிட அதிகம் நீள்வதால், எஞ்சின் சூடேறும் நேரத்தில்தான் பிடிப்பு குறைந்தது.

இந்த வாஷரை மட்டும் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். இது நட்டு சுழல்வதைத் தடுக்கும். இரு முகங்களுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் அமுங்கியோ ஸ்டட் நீண்டோ இறுக்கம் குறைவதைத் தடுக்காது. எங்கள் மெக்கானிக் அண்ணன் இதை வேறு விதமாகச் சொன்னார்: “ஏனுங்க, முடுக்க முடுக்க நிக்கும்னு நெனைக்கறீங்க, ஸ்டட்டு இழுபட்டுப் போனா எந்த வாஷரும் காப்பாத்தாதுங்க.” அவர் முதலில் ஃபிளேஞ்ச்களின் மேல் நேர்கோல் வைத்துப் பார்த்து, வளைந்திருந்த மேனிஃபோல்டு முகத்தை லேத்தில் மட்டம் செய்து, ஸ்டட்டுகளையும் கேஸ்கட்டையும் புதிதாக மாற்றினார். மரைகளில் சூடு தாங்கும் மசகுக் களிம்பைத் தடவியதால் உராய்வு குறையும் என்பதைக் கணக்கில் கொண்டு, எண்ணெயிட்ட மரைக்குக் கையேடு தரும் அளவையே, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வைத்தார். ஒரு நாள் ஓட்டி, எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு இறுக்கத்தை மறுபடி சரிபார்த்தார். டர்போவின் எடையைத் தாங்க வேண்டிய பிராக்கெட்டை யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பாதித் தொல்லைக்கு அதுவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. சாதாரண எஃகு வகை இந்தச் சூட்டுக்கு ஆகாது. இன்கோனல் 718 போன்ற நிக்கல் கலவையில் செய்தது வேண்டும், அதன் விலை கசக்கும். சோடியைப் பிரித்துத் திருப்பிப் போட்டால், படிகள் வெளிப்பக்கம் போய் எந்தப் பயனும் இருக்காது. அடியில் தட்டை வாஷர் வைத்தாலும், பற்கள் ஃபிளேஞ்சைக் கவ்வாமல் அந்தத் தட்டை வாஷரோடு சேர்ந்தே சுழலும்.

பருவம் முடிந்து வண்டி ஊருக்கு வந்ததும் பிரிக்கச் சொன்னேன். கரிக்கோடு இல்லை. ஸ்பேனரைப் பிடித்துத் திருப்பியபோது நட்டு உடனே வரவில்லை. படி தாண்டும் ‘டக்’ என்ற சத்தம் நான்கிலும் கேட்டது. வாஷரை எடுத்த இடத்தில், ஃபிளேஞ்சின் மேல் கதிர்க்கோடுகள்போல் பற்களின் தடம் பதிந்திருந்தது.