தெர்மல் கேமராவா, ரேடாரா? தார் சூடாக இருக்கும்போதே பார்ப்பதுதான் என் கட்சி

பாலக்கோடு பக்கம் ஒரு கிளைச் சாலைக்குத் தார் போட்டபோது தரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. சூட்டை நிறங்களாகக் காட்டும் தெர்மல் கேமரா வாங்கலாமா, தரைக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடாரை வாடகைக்கு எடுக்கலாமா என்று பேச்சு வந்தது. நான் கேமராவைக் கேட்டு வாங்கினேன்.

விலையில் கேமரா மலிவு, பழகுவதும் சுலபம். அதை விடுங்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது நேரம்தான்.

தார்க் கலவை சூட்டில்தான் இறுகும். விஜி-30 என்ற தார் ரகம் என்றால் விரிக்கும்போது 140 டிகிரியாவது, ரோலர் ஓட்டும்போது 90 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.). மார்கழிக் காலையில் டிப்பரின் மேல்பக்கமும் ஓரங்களும் சீக்கிரம் ஆறிவிடும். அப்படித்தான் ஒரு நாள் தார்ப்பாய் சரியாக மூடாத லோடு ஒன்று வந்தது. பேவர் இயந்திரம் கலவையை விரித்துப் போனதும் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. கேமராத் திரையில் மட்டும் மஞ்சளுக்கு நடுவே கோரைப்பாய் அளவில் ஒரு நீலத் திட்டு. சுற்றிலும் 143, அங்கே 108. ரோலரை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் வாரி எடுத்துவிட்டுச் சூடான கலவையைப் போட்டோம். கால் மணி நேரத்தில் முடிந்தது. அதையே ரேடார் மறுநாள் காட்டியிருந்தால், இறுகிய சாலையை வெட்டி ஒட்டுப்போட வேண்டும். ஒட்டின் விளிம்பில்தான் முதலில் தண்ணீர் இறங்கும்.

ரேடாரை இரண்டு நாள்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அந்த அளவுக்கே சொல்கிறேன். தார் ஆறிய பிறகும் பார்க்கலாம், தாரின் கனமும் தெரியும். ரேடார் அலையை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்பதைச் சொல்லும் டைஎலக்ட்ரிக் எண் காற்றுக்கு 1, கலவைக்கு ஏறக்குறைய 5. உள்ளே காற்று இடைவெளி கூடினால் எண் இறங்கும். ஆனால் தண்ணீருக்கு 80 என்பதால் ஈரச் சாலையில் கணக்கு குழம்பிவிடும். ஜல்லி வரும் குவாரி மாறினாலும் எண் மாறும். அதனால் சாலையிலிருந்து கோர், அதாவது உருளை வடிவ மாதிரி, வெட்டி ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேமராவுக்கும் ஒரு குறை உண்டு. சூட்டைத்தான் காட்டும், இறுக்கத்தைக் காட்டாது. ரோலர் இரண்டு நடை குறைத்து ஓட்டினால் அதற்குத் தெரியாது. தொப்பூர் கணவாய் மாதிரி கனரக லாரிகள் ஏறி இறங்கும் இடமென்றால் இரண்டையும் கேட்பேன். எங்கள் சாலைக்குக் கேமராவோடு கோர் போதுமானதாக இருந்தது. நீலம் தெரிந்த இடங்களைக் குறித்து வைத்து, முதல் கோர் மாதிரியை அங்கேயே வெட்டினோம்.